இறுக்கு, இறக்கு

இடுப்பு வலி என்று யாராவது முனகினால் ஊரில் இப்போதெல்லாம் என்னிடம் அனுப்பிவிடுகிறார்கள். காரைக்கால் கடைத்தெருவில் நடந்து போனால் ஒருவராவது நிறுத்தி, "சார், உங்களுக்கு அப்போ எப்படி இருந்திச்சு?" என்று கேட்காமல் விடுவதில்லை. கட்டிலில் பலகை போட்டுப் படுங்கள், குனிந்தபடி எதையும் தூக்காதீர்கள், மல்லாந்து படுத்து முழங்காலுக்கு அடியில் தலையணை வையுங்கள் என்று தெரிந்ததைச் சொல்லி அனுப்புவேன். எப்படி அடிபட்டது என்று கேட்டால் மட்டும், "மெஷின் சரிஞ்சிடுச்சு" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். அந்தச் சுருக்கமான பதிலுக்குப் பின்னால் இன்னொருவரின் பிழைப்பு இருக்கிறது. அதைச் சொல்லாமல் வலியை மட்டும் சொல்லிக்கொண்டு திரிவது எனக்கே அலுத்துவிட்டது. அதனால் முழுசாக எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்தது கட்டடச் சாமான்களைச் சோதித்துப் பார்க்கும் ஒரு சின்ன அரசாங்கப் பரிசோதனைக்கூடத்தில். செங்கல் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது, மணலில் எவ்வளவு வண்டல் கலந்திருக்கிறது, கான்கிரீட் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்த்து எழுதித் தருவோம். கான்கிரீட்டை ஆறங்குலக் கட்டியாக வார்த்து, நாள்கணக்கில் தண்ணீரில் ஊறப் போட்டு, பிறகு ஒரு மெஷினுக்குள் வைத்து உடைகிறவரைக்கும் நசுக்குவோம். அந்த மெஷின் ஆள் உயரம், முக்கால் டன் எடை. எழுபதுகளின் கடைசியில் எங்களுக்குக் கோவில்பத்துப் பக்கம் புதுக் கட்டடம் கிடைத்தது. அரசலாற்றங்கரைப் பழைய கட்டடத்திலிருந்து அந்த மெஷினைக் கொண்டுபோய் வைக்கும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பைபிள் வாசகம் வாசிக்கிறவன் நான். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக விழும் என்று பங்குச் சாமியாரே நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். அந்தக் கர்வம் ஞாயிற்றுக்கிழமையோடு நிற்கவில்லை, திங்கட்கிழமை ஆபீசுக்கும் கூடவே வந்தது. எங்கள் கூலியாட்கள் சிமெண்டு மூட்டையை "எறக்கு" என்பார்கள். நான் விடமாட்டேன். "எறக்கு இல்லப்பா, இறக்கு. இலைக்கு வர்ற இ" என்று நிறுத்தித் திருத்துவேன்.

அதிகமாக என்னிடம் மாட்டிக்கொண்டவர் கலியபெருமாள். பட்டினத்துக்காரர், அதாவது திருமலைராயன்பட்டினம். ஏழு வருஷமாக எங்களிடம் தினக்கூலி. மஸ்டர் ரோல் என்கிற கூலிப் பதிவேட்டில் பெயர் விடாமல் வந்துகொண்டிருந்தது, அந்த வருஷம் நிரந்தரமாக்கும் பட்டியலில் இரண்டாவதாக இருந்தார். என்னைவிட எட்டு வயது மூத்தவர். அப்படியிருந்தும் நான் "வாப்பா, போப்பா" என்றுதான் கூப்பிடுவேன். நான் திருத்தும்போதெல்லாம் அவர் சிரித்துவிட்டு, "நாங்க சொல்றது எங்களுக்குப் புரியுதுங்களே சார்" என்பார். ஆனாலும் என் முன்னால் சொல்லும்போது நாக்கைப் பிடித்து "இறக்கு" என்று சொல்லப் பழகிக்கொண்டார். நான் "இறக்கு" என்றால் அது அவர்களுடைய "எறக்கு" என்று மனசுக்குள் மாற்றிக்கொள்ளவும் பழகிக்கொண்டார். அதுதான் பின்னால் எங்கள் இரண்டு பேரையும் கவிழ்த்தது.

கனமான மெஷினைச் சரிவில் இறக்குவது பலத்தால் ஆகிற வேலை இல்லை. லாரியின் பின்புறத்திலிருந்து வாசலுக்கு இரண்டு தடித்த பலகைகளைச் சாய்த்துப் போட்டோம். மெஷினுக்கு அடியில் உருளுவதற்கு இரும்புக் குழாய்கள். மெஷினைச் சுற்றிக் கட்டிய வடக்கயிற்றை லாரித் தொட்டியின் முன்பக்கத்து இரும்புத் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியைக் கலியபெருமாள் பிடித்துக்கொண்டார். அப்படிச் சுற்றினால் ஒரே ஆள் அத்தனை பாரத்தையும் நிறுத்திவைக்கலாம். நுனியை இறுக்கினால் மெஷின் நிற்கும், தளர்த்தினால் சாண் சாணாக இறங்கும். சரிவின் கீழ்ப்பக்கம் மட்டும் யாரும் நிற்கக் கூடாது, பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும். காலையில் எல்லோரையும் நிறுத்தி இதைச் சொன்னவனே நான்தான்.

கலியபெருமாளுக்கும் எனக்கும் நடுவில் மெஷின் மறைத்து நின்றது. அவர் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவருக்குத் தெரியாது. குரல் ஒன்றுதான் வழி. பக்கத்துக் கட்டடத்தில் கான்கிரீட் கலவை மெஷின் வேறு கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பாதிச் சரிவில் ஒரு குழாய் கோணிக்கொண்டது. அதை நேராக்க நான் கடப்பாரையோடு கீழ்ப்பக்கம் போய்க் குனிந்தேன். "இறுக்கு!" என்று கத்தினேன். மெஷின் என்மேல் வந்தது.

ஒரு முழம்தான் வந்திருக்கும். முக்கால் டன்னை நிறுத்திவிடலாம் என்று எந்த மடையனுக்கும் தோன்றாது, ஆனால் கை யோசிப்பதில்லை. குனிந்தபடியே உடம்பைத் திருப்பி இரண்டு கையாலும் தாங்கினேன். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் கட்டையைச் செருகி மெஷினை நிறுத்திவிட்டார்கள். மெஷினுக்கு ஒரு கீறல் இல்லை. என் இடுப்பில் என்னவோ விட்டுப்போய், வலது கால் வழியாகப் பெருவிரல் வரைக்கும் சுள்ளென்று இழுத்தது. உட்காரவும் முடியவில்லை, நிமிரவும் முடியவில்லை. நாலு கால் பிராணியாகப் பலகைமேல் நின்றேன். லாரிமேலிருந்து குதித்து ஓடி வந்த கலியபெருமாள்தான் என்னைத் தோளில் சாய்த்துக்கொண்டார்.

காரைக்கால் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் ஊசி போட்டுப் பார்த்தார்கள். வலி குறையாததோடு வலது பாதத்தில் மரத்துப்போன உணர்ச்சியும் சேர்ந்துகொண்டது. புதுச்சேரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். தஞ்சாவூர் பக்கம்தானே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். நாங்கள் புதுச்சேரிச் சீமை ஆட்கள், எங்கள் காகிதமெல்லாம் அங்கேதான் போகும், காகிதத்துக்குப் பின்னாலேயே நாங்களும் போக வேண்டும். தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று தமிழ்நாட்டைக் கடந்து போனது ஆம்புலன்ஸ். சாலையில் இருந்த ஒவ்வொரு குழியையும் என் இடுப்பு கணக்கெடுத்தது. என் மனைவி பிலோமினா வழிநெடுக என் பாதத்தைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அவள் பிடித்திருப்பது எனக்குத் தெரியவில்லை என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை.

அங்கே மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மடக்காமல் என் காலை டாக்டர் மெல்லத் தூக்கினார். இடது கால் நன்றாக உயர்ந்தது. வலது கால் ஒரு சாண் உயர்வதற்குள் நான் கத்திவிட்டேன். பிறகு முதுகுத்தண்டில் ஊசி குத்தி மருந்து ஏற்றி, மேஜையைச் சாய்த்துச் சாய்த்து எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்த மருந்து படத்தில் வெள்ளையாகத் தெரியும், எங்கே அடைபடுகிறதோ அங்கே கோளாறு. அன்றைக்கு முழுக்கத் தலைவலியில் கண் திறக்க முடியவில்லை. மறுநாள் டாக்டர் விளக்கினார். முதுகெலும்பின் ஒவ்வொரு கண்ணிக்கும் நடுவில் ஒரு மெத்தை இருக்கிறதாம், ஓரம் கெட்டி, உள்ளே கூழ். எனக்கு அடியிலிருந்து இரண்டாவது மெத்தை கிழிந்து கூழ் பிதுங்கி, காலுக்குப் போகிற நரம்பை நசுக்கிக்கொண்டிருக்கிறது. இத்தனை வருஷம் கட்டிகளை நசுக்கியவனுக்கு அது சுலபமாகப் புரிந்தது.

"கால் கட்டைவிரலை மேல தூக்குங்க" என்றார்.

தூக்கினேன். விரல் அப்படியே கிடந்தது. நான் தூக்குகிறேன், அது கிடக்கிறது. என் உடம்பில் ஒரு பாகம் நான் சொல்வதைக் கேட்காதது அன்றுதான் முதல்தடவை.

"ஆறு வாரம் இழுவை போட்டுப் பார்ப்போம். விரல் அசைஞ்சா ஆபரேஷன் வேணாம். அசையலைன்னா அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

இழுவை என்பது இதுதான். இடுப்பில் அகலமான கான்வாஸ் பெல்ட்டைக் கட்டி, அதிலிருந்து கயிறு கொண்டுபோய், கட்டிலின் கால்மாட்டில் ஒரு கப்பியில் ஓட்டி, நுனியில் எடைக்கற்களைத் தொங்கவிடுவார்கள். கட்டிலின் கால்பக்கத்தைச் செங்கல் வைத்து உயர்த்திவிடுவார்கள். கல் ஒரு பக்கம் இழுக்கும், உடம்பின் கனம் மறுபக்கம் இழுக்கும். நடுவில் எலும்புகள் விலகி நரம்புக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கும். கயிறு, கப்பி, பாரம். நான் லாரியில் கட்டிய அதே ஏற்பாட்டில் இப்போது மெஷினின் இடத்தில் கிடந்தேன்.

பிலோமினாவுக்குப் பள்ளிக்கூட வேலை, இரண்டு சின்னப் பெண்பிள்ளைகள் வேறு. மூன்றாம் நாளே ஊருக்குத் திரும்ப வேண்டியிருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி வந்து, ஞாயிறு மத்தியானம் போய்விடுவாள். மற்ற நாட்களில் எனக்கு யாரும் இல்லை. சாயங்காலம் நாலு மணிக்கு மணி அடித்ததும் வார்டுக்குள் ஜனம் திமுதிமுவென்று வரும், தூக்குச்சட்டிகள் திறக்கும் சத்தம் கேட்கும். நான் கண்ணை மூடித் தூங்குகிறவன் மாதிரி கிடப்பேன். யாரோ ஒருவர் வீட்டு அம்மாள் பாவம் பார்த்து என் ஸ்டூலில் ஒரு வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போவாள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வரும். ஆறு மணிக்கு மறுபடி மணி அடித்து எல்லோரும் போன பிறகு பழத்தைத் தின்பேன். அப்புறம் போர்வையைத் தள்ளிவிட்டுக் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு, தூக்கு, தூக்கு என்று அதனிடம் கெஞ்சுவேன்.

ஆபீசிலிருந்து ஒரே ஒருவர்தான் வந்தார், இளவயது ஜூனியர் இன்ஜினியர், ஜே.ஈ. என்போம். என்னைப் பார்க்க வந்ததாகச் சொல்லி, உட்கார்ந்த உடனே பையிலிருந்து காகிதத்தை எடுத்தார்.

"மேலே அறிக்கை போகணும் சார். நீங்க என்ன சொன்னீங்க, அவன் என்ன செஞ்சான், அதை மட்டும் எழுதிக் குடுத்துடுங்க."

"கலியபெருமாள் என்ன சொல்றான்?"

"நீங்க இறக்குன்னு சொன்னீங்களாம். உங்களைப் போயி அப்படிச் சொல்றான் பாருங்க! பூசையில வாசகம் படிக்கிற ஆளு நீங்க."

எனக்கு உள்ளுக்குள் இதமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இதமாகத்தான் இருந்தது.

"கீழ்ப்பக்கம் நின்னதை எழுத வேணாம் சார். அது உங்களுக்குத்தான் சங்கடம், உங்க கவனக்குறைவுன்னு முடிச்சிடுவாங்க" என்றும் சொன்னார்.

மல்லாந்து கிடந்து எழுதினால் பால்பாயிண்ட் பேனா எழுதாது. அதனால் அவரே எழுதினார். "நான் இறுக்கு என்று தெளிவாகச் சொன்னேன். கயிறு பிடித்தவர் கவனக்குறைவாக இறக்கிவிட்டார்." தெளிவாக என்ற சொல்லை நான்தான் சேர்க்கச் சொன்னேன். அட்டையைத் தலைக்குமேல் பிடித்தார். பேனாவை உதறி உதறிக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு நாலு மணிக்கு, கண்ணை மூடிக் கிடந்தவனுக்கு நொச்சி இலை வாசம் வந்தது. கண்ணைத் திறந்தால் கலியபெருமாள் நிற்கிறார். கையில் வாழைநார் போட்டுக் கட்டிய நொச்சிக் கொத்து. இடுப்புக்கு வேது பிடிக்க நல்லது என்று பட்டினத்திலிருந்து தூக்கி வந்திருக்கிறார்.

"எப்படி இருக்குங்க சார்?"

"கெடக்கேன்ப்பா."

ஸ்டூல் காலியாக இருந்தும் உட்காரவில்லை. கயிற்றையும் கப்பியையும் தொங்குகிற கற்களையும் ஒரு தடவை பார்த்தார்.

"மஸ்டர் ரோல்லேருந்து பேரை எடுத்துட்டாங்க சார்."

நான் தொங்குகிற கல்லைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

"நீங்க சொன்ன பெறகுதாங்க விட்டேன். எறக்கச் சொன்ன மாதிரிதான் கேட்டுச்சு."

"இறுக்குன்னு சொன்னேன்ப்பா. கயித்தை இறுக்குன்னு."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"அப்படிங்களா. அப்ப எங்காதுலதான் கோளாறு போலருக்கு" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நல்லபடியா வாங்க சார்."

மணி அடிக்க இன்னும் ஒரு மணி நேரத்துக்குமேல் இருந்தது. அவர் போய்விட்டார். வெந்நீர் வைக்க வார்டில் வசதி இல்லை. நொச்சிக் கொத்து கட்டிலுக்கு அடியில் கிடந்து சருகானது.

வெள்ளிக்கிழமைகளில் ஒரு சாமியார் வார்டுக்கு நற்கருணை அப்பம் கொண்டுவருவார், மனசில் பாவத்தோடு அதை வாங்கக் கூடாது. அந்த வாரம், "இன்னிக்கு வேணாம் சாமி" என்றேன். அவர் காரணம் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பாவம் என்று சொல்லியிருக்கமாட்டேன், வயிறு சரியில்லை என்றிருப்பேன்.

பிலோமினா அடுத்த முறை வந்தபோது, பெல்ட் உரசி என் இடுப்பில் புண்ணாகியிருந்ததைப் பார்த்தாள். ஊரிலிருந்து உடுத்தி வந்திருந்த பழைய நூல்புடவையின் முந்தானையைக் கிழித்து, மடித்து, பெல்ட்டுக்கு உள்பக்கமாக வைத்துத் தைத்தாள். ஆஸ்பத்திரி நர்சிடம் ஊசிநூல் கேட்டு வாங்கி, என் கட்டிலோரத்திலேயே உட்கார்ந்து சாயங்காலம் முழுக்கத் தைத்தாள். அதற்குமேல் இதமான ஒன்று அந்த நாட்களில் எனக்கு வாய்க்கவில்லை. ஒரே சங்கடம், துணி வழுவழுத்து பெல்ட் அடிக்கடி மேலே ஏறிவிடும். வார்டு ஆயா முனியம்மா வந்து அதை இழுத்துக் கட்டிவிட்டுப் போவாள்.

அப்படி ஒரு காலையில் முனியம்மா பெல்ட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். கல் ஆடியதில் திடீரென்று காலில் அந்தப் பழைய மின்னல் இழுத்தது. கல்லைக் கீழே இறக்கச் சொல்லி, "இறக்கு, இறக்கு!" என்று கத்தினேன். அவள் பெல்ட்டின் வாரைப் பிடித்து ஒரே இழு இழுத்தாள். எனக்குக் கண் இருட்டியது. "இறக்கு!" என்று மறுபடி கத்தினேன். இன்னொரு துளைக்கு இறுக்கினாள்.

கடைசியில் கையைக் காட்டி, கல்லைக் காட்டித்தான் புரியவைக்க முடிந்தது. மூச்சு வந்ததும் அவள்மேல் பாய்ந்தேன்.

"என்னம்மா நீ, இறக்குன்னு சொல்றேன், கொல்லப் பாக்கிறியே!"

"நீங்கதானே சார் இறுக்கு இறுக்குன்னு கத்தினீங்க?"

"இறக்குன்னு சொன்னேன்!"

"எங்காதுல இறுக்குன்னுதான் வுழுந்துச்சு. எறக்குன்னு சொல்லியிருந்தா புரிஞ்சிருக்குமே" என்றாள்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர் காலில் மாவுக்கட்டோடு கிடந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், வார்டில் எல்லோரும் சொல்தா என்பார்கள். ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்குமேல் பேசமாட்டார். அவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "இறுக்கு" என்றார்.

மறுநாள், என் தொழில் எனக்கு என்ன சொல்லிக்கொடுத்ததோ அதைச் செய்தேன். சந்தேகம் இருந்தால் சோதித்துப் பார்க்க வேண்டும். ஒரு காகிதத்தில் இறக்கு, இறுக்கு என்று கலந்துகட்டிப் பத்துத் தடவை எழுதிக்கொண்டேன். சொல்தாவை எதிர்ப்பக்கம் திரும்பச் சொல்லி, வலியில் கத்துகிற மாதிரி அவசர அவசரமாகப் பத்தையும் கத்தினேன். எந்தச் சொல் கேட்டது என்று அவர் பேப்பரின் ஓரத்தில் குறித்தார். வார்டே எங்களைப் பைத்தியம் என்று பார்த்தது. ஒத்துப் பார்த்தால் பத்தில் நாலுதான் சரி. அவர் காதில் கோளாறு என்று முனியம்மாவை நிறுத்தினேன். அவளுக்கும் பாதிதான் தேறியது. பிறகு இறக்கு வருகிற இடத்திலெல்லாம் எறக்கு என்று மாற்றிக் கத்தினேன். பத்துக்குப் பத்து.

காகிதத்தில் ஒரு சின்ன வளைவுதான் அந்த இரண்டு சொல்லையும் பிரிக்கிறது. நிதானமாக, பீடத்தில் நின்று வாசித்தால் என் வாயும் பிரித்துவிடும். அவசரத்தில் பிரிக்காது. கலியபெருமாளும் அவருடைய ஆட்களும் சொன்ன "எறக்கு" எந்த இரைச்சலிலும் குழம்பாத சொல். அதை நான் மெனக்கெட்டுத் திருத்தி, குழம்புகிற சொல்லை அவர் காதில் பழக்கியிருந்தேன். அன்று நான் இறுக்கு என்று நினைத்தேன், அது நிச்சயம். என்ன சொன்னேன் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. ஜே.ஈ. அட்டையைப் பிடித்தபோதே அது எனக்கு நிச்சயமில்லை. "தெளிவாக" என்று சேர்க்கச் சொன்னது அதனால்தான்.

அடுத்த சனிக்கிழமை வருகிறவரைக்கும் இதைச் சொல்ல ஆள் இல்லை. ஐந்து நாள் இடுப்பு வலியைவிட இது வலித்தது. பிலோமினா வந்து ஸ்டூலில் உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அந்தாளு சம்சாரம் நம்ம வீட்டுக்கு வந்திச்சுங்க" என்றாள். "போன வாரம். உங்களை ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி கேட்டுச்சு. எம்புருஷனை இப்படிப் படுக்க வச்சிட்டு என்ன வார்த்தைன்னு நினைச்சுக்கிட்டு, நான் கதவைக்கூடத் திறக்கலை. ஜன்னல்லேயே பேசி அனுப்பிட்டேன்."

பிறகு பையிலிருந்து பள்ளிக்கூட நோட்டை எடுத்து, நடுத்தாளைக் கிழித்து, "சொல்லுங்க, எழுதுறேன்" என்றாள். நான் கீழ்ப்பக்கம் நின்றேன், நின்றிருக்கக் கூடாது. நான் என்ன சொல் சொன்னேன் என்று எனக்கே நிச்சயமில்லை. கயிறு பிடித்தவர்மேல் தவறில்லை. இவ்வளவுதான் எழுதச் சொன்னேன். அவள் தன்னுடைய பக்கத்துக்கு ஒரு வரியும் சேர்க்காமல், ஆபீசில் கொடுக்க மடித்து எடுத்துப்போனாள்.

கட்டைவிரல் அசைந்தது அந்தக் கடிதத்துக்கு முந்தைய வாரமே. உண்மையைச் சொன்னதால் விரல் அசைந்தது என்று யாரும் கதை கட்ட வேண்டாம். ஆறு மணிக்கு ஜனமெல்லாம் போன பிறகு, நெல்மணி உயரத்துக்கு மேலே எழும்பியது. பார்க்க யாரும் இல்லை. சொல்தா தூங்கிவிட்டிருந்தார். நான் மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் டாக்டர் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே" என்றார். ஆபரேஷன் இல்லை.

ஒன்பதாவது வாரம் இடுப்பில் இரும்புப் பட்டை வைத்த பெல்ட்டோடு ஊர் வந்து சேர்ந்தேன். வீட்டில் எனக்காக ஒரு மெமோ காத்திருந்தது. முதலில் ஒன்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு மாற்றி எழுதியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். கலியபெருமாளைப் பற்றி அதில் ஒரு எழுத்து இல்லை. நடக்கலாம் என்று டாக்டர் சொன்ன முதல் வாரம், பஸ் பிடித்துப் பட்டினம் போனேன். ஒரு அரிசி மில்லில் மூட்டை சுமக்கிறார் என்றார்கள். மில் வாசலில் நின்றேன். லாரியிலிருந்து முதுகில் மூட்டையோடு பலகைச் சரிவில் இறங்கி வந்துகொண்டிருந்தார். கீழே வந்து மூட்டையைப் போட்டுவிட்டு நிமிரும்போதுதான் என்னைப் பார்த்தார்.

"நின்னுக்கிட்டே இருக்காதீங்க சார், இடுப்பு தாங்காது" என்று காலிச் சாக்குகளை நாலாக மடித்துப் போட்டார்.

"நான் மாத்தி எழுதிக் குடுத்திட்டேன், கலியபெருமாள். தப்பு என்னோடது."

"ஜே.ஈ. சார் சொன்னாரு." முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "திரும்ப எடுத்துக்குவாங்களா சார்?"

"எடுத்துக்குவாங்க. நான் போயிக் கேக்கறேன்."

"அந்த ஏழு வருஷம்?"

லாரிமேல் நின்ற ஆள் அவரைக் கூப்பிட்டார். அவர் போய் அடுத்த மூட்டைக்கு முதுகைக் கொடுத்தார். அவர் மடித்துப் போட்ட சாக்கின்மேல் நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தேன்.

நாலு மாதம் அலைந்தேன், விளக்கம் எழுதினேன், பேச்சுக் கேட்டேன். அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், ஆனால் புது ஆளாக. ஏழு வருஷம் எங்கேயும் எழுதப்படவில்லை. அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் நிரந்தரமானார்கள். அவர் பட்டியலின் அடியிலிருந்து மறுபடி ஏற ஆரம்பித்தார். என்னிடம் மரியாதைக் குறைவாக ஒரு சொல் சொன்னதில்லை. முன்புபோல் சிரித்ததும் இல்லை. நான் இருக்கும் இடத்தில் சாமான் ஏற்றி இறக்கும்போது எதுவும் பேசாமல் கையைக் காட்டியே வேலையை முடித்துக்கொள்வார். மற்ற ஆட்களும் அப்படியே பழகிவிட்டார்கள். ஒரு கூடம் முழுக்க ஆட்கள் இருந்தும் என் காதில் எந்தச் சொல்லும் விழாது. அந்த வார்டில் நாலு மணிக்குக் கண்ணை மூடிக் கிடந்தது தேவலை என்று சில நாள் தோன்றியிருக்கிறது.

இரண்டு வருஷம் கழித்து இன்னொரு மெஷின் வந்தது. இரும்புக் கம்பியை இரண்டு பக்கமும் பிடித்து, அறுகிறவரைக்கும் இழுத்துப் பார்க்கிற மெஷின். பழையதைவிடக் கனம். எனக்குக் குடத்துத் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று உத்தரவு, அதனால் குரல் கொடுக்கும் வேலை மட்டும் என்னுடையது. கீழ்ப்பக்கம் கயிறு கட்டி யாரும் போக முடியாமல் மறித்தேன். பக்கத்தில் ஓடிய கலவை மெஷினை நிறுத்தச் சொன்னேன். நான் பலகைக்குப் பக்கவாட்டில், எட்டி நின்றேன். கயிற்றின் நுனியைப் பிடிக்க இளையவர்கள் இருந்தும், கலியபெருமாள் தானாகவே லாரிமேல் ஏறித் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றினார். மெஷின் எங்கள் நடுவில் மறைத்து நின்றது.

எல்லாம் தயாரானது. மெஷினுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, இரண்டு வருஷத்தில் முதல்தடவையாக, அவர் குரல் வந்தது.

"சார், எறக்கலாமா?"

ஜே.ஈ. என்னைப் பார்த்தார். ஆட்களெல்லாம் என் வாயைப் பார்த்தார்கள்.

"எறக்குங்க" என்றேன்.